சிவப்பு மை இருக்கையில் தீக்குச்சி எதற்கு?

ஒவ்வோர் அக்டோபரிலும் தில்லியிலிருந்து ஒரு பெருமைக் கணக்கு வருகிறது. 2021 முதல் மத்திய அரசு அலுவலகங்களில் நடக்கும் சிறப்புத் தூய்மை இயக்கத்தின் கணக்கு அது. எத்தனை லட்சம் கோப்புகள் கழிக்கப்பட்டன, எத்தனை சதுர அடி இடம் காலியானது, கழிவை விற்றதில் எத்தனை கோடி தேறியது என்று அறிக்கைகள் பட்டியல் போடும். கோப்பும் உடைந்த நாற்காலியும் ஒரே தராசில் ஏறுகின்றன. கழித்த கோப்பில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எடை எவ்வளவு என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்த மனப்பான்மை இப்போது எல்லா மட்டத்துக்கும் இறங்கிவிட்டது. தாலுகா அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், வீட்டு அலமாரி, கைப்பேசி என எங்கும் ஒரே பேச்சு. “புதுசு வந்தாச்சு, பழசு எதுக்கு? வச்சிருந்தா குழப்பம்தான். எடமும் அடைக்குது. அதான் ஸ்கேன் பண்ணியாச்சே!” கெட்டிக்காரத்தனமான பேச்சு போலத்தான் இருக்கிறது. இதற்கு நன்னூலின் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற வரியைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. அதை எழுதிய பவணந்தியார் பேசியது மொழியில் சொற்களும் வடிவங்களும் காலத்தோடு மாறுவதைப் பற்றி; அதைப் பதிவறைக்குப் போகி கொண்டாட அனுமதிச் சீட்டாக மாற்றிக்கொண்டது நாம்தான்.

இந்தப் பேச்சு தவறு என்பது என் வாதம். அதைச் சேலம் மாவட்டத்துக் குப்பனூரில் நின்றுகொண்டு சொல்வதுதான் எனக்கு எளிது. குப்பனூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சேர்வராயன் மலை ஏறத் தொடங்கிவிடும். கொட்டச்சேடு வழியாக ஏற்காடு போகலாம். அடிவாரத்தில் பட்டா நிலம், நடுவில் வனத்துறையின் காடு, மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் காப்பித் தோட்டங்களும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்து, இந்த நிலம் யாருடையது என்ற கேள்வி இங்கே ஓய்ந்ததே இல்லை. அதற்கும் முன்பே, 1792-இல் பாரமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தவுடன், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து குடியானவர் பெயரிலேயே வரி போடத் தொடங்கினார்கள். ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால் நம் மாவட்டம்தான். எனவே பழைய பதிவு, புதிய பதிவு என்ற வழக்கில் சேலத்துக்காரன் பேசினால் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

ஒரு கிராமத்தின் நிலக் கணக்கு ஒரே ஒரு கணக்கு அல்ல. பைமாஷ் என்னும் பழைய அளவைக் கணக்கு, பழைய செட்டில்மென்ட், அதற்குப் பின் வந்த ரீசெட்டில்மென்ட், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் எஸ்டேட்டுகள் ஒழிந்த இடங்களில் எழுதப்பட்ட எஸ்.எல்.ஆர். என்னும் செட்டில்மென்ட் நிலப் பதிவேடு, கடைசியாக யூ.டி.ஆர். எல்லா ஊருக்கும் எல்லாமும் இருக்காது. ஆனால் எந்த ஊரிலும் இன்று நடைமுறையில் இருக்கும் பதிவுக்குக் கீழே குறைந்தது ஓர் அடுக்காவது இருக்கும். ‘காலாவதியான கோப்பு’ என்று நாம் அலட்சியமாகச் சொல்வது இந்த அடுக்குகளைத்தான்.

யூ.டி.ஆரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் என்று அதற்குப் பெயர். 1979 ஜூன் 1-இல் தொடங்கி 1987 ஏப்ரல் 30 வரை நடந்தது. நோக்கம் நல்ல நோக்கம். தாத்தா பெயரில் கிடந்த பட்டாவை, இப்போது உழுது அனுபவிக்கும் பேரன் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கு இன்றைய நிலைமையைக் காட்ட வேண்டும். அதாவது பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை வெளியிடும் வேலை. நடுவில், 1980-இல், கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. ஒழிக்க வேண்டிய பதவிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த வரப்புக்கு அந்தப்பக்கம் யார் பங்கு என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள், கணக்கு திருத்தப்படும் அதே நேரத்தில் கணக்கைவிட்டு வெளியே போனார். விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. கூட்டுப் பட்டாவில் ஒரு பெயர் விடுபட்டது. பரப்பு குறைந்தது. பட்டா நிலம் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் பதிவானது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா அலுவலக வாசலில் நின்று ‘யூ.டி.ஆர். தப்பு’ என்று சொன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் வீட்டிலேயே ஒன்று இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டது இந்த யூ.டி.ஆர். பதிவுதான். தப்பும் அதோடு சேர்ந்து ஏறியது.

அந்தத் தப்பை எப்படித் திருத்துகிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கற்பனைதான், ஆனால் இதே கதையைக் கொண்ட மனுக்கள் வருடம் முழுக்க எழுதப்படுகின்றன. அண்ணன் தம்பி இருவர் பெயரில் ஒரு புல எண், இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். யூ.டி.ஆரில் அண்ணன் பெயர் மட்டும் ஏறியது. இருவரும் உயிரோடு இருந்தவரை பிரச்சினை இல்லை. ஆளுக்குப் பாதி உழுதார்கள், வாய்ப் பேச்சே பத்திரமாக இருந்தது. நாற்பது வருடம் கழித்துத் தம்பியின் பேரன் பயிர்க்கடனுக்காக இ-சேவை மையத்துக்குப் போகிறான்.

“சர்வே நம்பர் சொல்லுங்க தம்பி… இதுல உங்க தாத்தா பேரே இல்லீங்களே.”

“இல்லண்ணா, பாதி எங்களுதுதானுங்க. அப்பாவும் அதுலதான் வெள்ளாம வெச்சாரு.”

“கம்ப்யூட்டர்ல இல்லீன்னா நான் என்னங்க பண்றது?”

அவன் செய்ய வேண்டியது மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு போடுவது. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின், அதாவது ஊரின் புல எண்வாரியான நிலப் பதிவேட்டின், நகல் எங்கே என்பதுதான். அடுத்து எஸ்.எல்.ஆர். அல்லது ரீசெட்டில்மென்ட் பதிவு, பழைய பத்திரம், வில்லங்கச் சான்று. நடப்புப் பதிவில் உள்ள பிழையை நடப்புப் பதிவே காட்டிக்கொடுக்காது. அதற்கு முன்னால் எழுதப்பட்டு, காலாவதியாகி, யாரும் சீண்டாமல் கிடக்கும் பதிவுதான் காட்டிக்கொடுக்கும். அந்தப் பதிவேடு எடைக்குப் போயிருந்தால் யூ.டி.ஆரின் தப்பு தப்பாகவே இருக்காது, உண்மையாகிவிடும். தம்பியின் பங்கு யார் ஏமாற்றியும் போகவில்லை, இடம் காலி செய்ததில் போனது என்று ஆகும்.

‘பழையது இருந்தால் குழப்பம்’ என்ற வாதத்துக்கு நான் இங்கேயே பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா வாதமும் இதில்தான் காலூன்றி நிற்கிறது. குழப்பம் பழையதால் வருவதில்லை. பழையது என்று எழுதி வைக்காததால் வருகிறது. எங்கள் மலைப் பாதையையே பாருங்கள். ஏற்காட்டுக்கு இரண்டு பாதை. அடிவாரம் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பாதைதான் எல்லோரும் போவது. அங்கே மண் சரிந்தால் போலீஸ் வண்டிகளைக் குப்பனூருக்குத் திருப்பிவிடும். கோடை விழாவில் நெரிசல் முற்றினால் அடிவாரம் வழியே ஏறி, குப்பனூர் வழியே இறங்கச் சொல்வார்கள். இரண்டு பாதை இருந்தால் ஓட்டுநர்கள் குழம்புவார்கள், ஒன்றைப் பெயர்த்துவிடலாம் என்று எந்த நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும் எழுதியதில்லை. முக்கில் ஒரு பலகை நட்டால் தீர்ந்தது.

கோப்புக்கும் அந்தப் பலகை உண்டு, நம் அலுவலகங்களே கண்டுபிடித்த பலகை. கையால் எழுதிய ‘அ’ பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய புல எண்ணுக்கென்று ஒரு கலம். நன்செய் புன்செய், மண் தரம், தீர்வை, பரப்பு, பட்டா எண், பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு. பட்டா மாறினால் பழைய பெயரின்மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு. அடித்த பெயர் படிக்கும்படியே இருக்கும், இருக்க வேண்டும். மேலே புதிய பெயர், பக்கத்தில் மாறுதல் ஆணையின் எண், தேதி, சுருக்கொப்பம். சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. உட்பிரிவு செய்தால் 3 என்பது 3ஏ, 3பி ஆகும். மகன் பெயரில் அப்பன் பெயர் ஒட்டியிருப்பது தெரியும். அந்த ஒரு பக்கத்தில் நடப்பு எது, போனது எது, எந்த அதிகாரத்தால் போனது என்ற மூன்றும் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் அதைப் பார்த்துக் குழம்ப முடியாது.

இதே நிலத்துக்கு இன்று அச்சிட்டுத் தரும் பட்டாவைப் பாருங்கள். குறிப்புரையில் ஒரு மாறுதல் எண்ணும் தேதியும் இருக்கும். யார் பெயரிலிருந்து மாறியது என்பது அந்தத் தாளில் கிடையாது. சுத்தமான தாள், அழகான எழுத்து, நேற்று என்று ஒன்றே இல்லாத தாள். ஆக, பழசைச் சுமந்து திரிந்ததாக நாம் கேலி செய்த காகிதம் தன் வரலாற்றை முதுகிலேயே வைத்திருந்தது. நவீனம் என்று நாம் மெச்சும் அச்சுப் பிரதி அதைத் துடைத்துவிட்டு நிற்கிறது. கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய பதிப்புகளை வைத்துக்கொள்வதில் அதைப்போல் கெட்டிக்காரன் கிடையாது. தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றைத் தட்டினாலும் முதல் வரி எழுதப்பட்ட நாளிலிருந்து ஒவ்வொரு திருத்தமும் வரிசையாக நிற்கும். விஷமி ஒருவன் இரவில் வந்து கட்டுரையையே அழித்தாலும் காலையில் பழைய பதிப்பை ஒரு சொடுக்கில் மீட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற துணிச்சல் அதற்கு வந்ததே எதுவும் அழியாது என்ற நம்பிக்கையால்தான். உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் 2005 முதல் ‘கிட்’ என்ற கருவியை வைத்துக்கொண்டு செய்வதும் இதே சிவப்பு மை வேலைதான். கருவி இருக்கிறது. மக்கள் கையில் கிடைக்கும் தாளில் அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் வேறு ஒன்று. அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. பழைய காகிதம்தான் மோசடிக்காரனின் மூலதனம் என்கிறார்கள். ரத்தான பவர் பத்திரத்தைக் காட்டி நிலத்தை விற்கிறான். செல்லாத பட்டாவைக் காட்டி முன்பணம் வாங்குகிறான். உண்மைதான், நடக்கிறது. ஆனால் அவன் காட்டுவது அலுவலகப் பிரதியையா? அவன் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பிரதியை. அலுவலகத்தில் உள்ளதை நீங்கள் எரித்தால் அவன் பெட்டியில் உள்ளது எரிந்துவிடப் போவதில்லை. சரிபார்க்க வேறு பிரதி இல்லாமல், ஊரிலேயே அந்த ஆவணத்தின் ஒரே காப்பாளனாக அவன் ஆகிவிடுவான். ரத்து ஆணையின் எண் எழுதப்பட்ட பழைய பிரதி அலுவலகத்தில் பத்திரமாக இருந்தால், வாங்குகிறவன் ஒரு நகல் மனுவில் அவனை மடக்கிவிடலாம். சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. முப்பது ஆண்டு பழைய ஆவணம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்து வந்தால், அதன் கையெழுத்தையும் எழுத்தையும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 90-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் 92-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. பழசாக இருப்பது மட்டும் போதாது, சரியான பாதுகாப்பில் இருக்க வேண்டும். பதிவறை இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

இடப் பிரச்சினை பற்றி நீட்ட விரும்பவில்லை. எல்லாவற்றையும் எக்காலத்துக்கும் வைத்திருக்கச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. எழுத்தரின் தற்செயல் விடுப்புக் கடிதம் 2090-இல் யாருக்கும் தேவைப்படாது. இதற்கும் நம் அலுவலக நடைமுறையில் நூற்றாண்டுப் பழக்கமுள்ள வழி இருக்கிறது. கோப்பு முடியும்போதே அது ஓராண்டு முடிவா, மூன்றாண்டு முடிவா, பத்தாண்டு முடிவா, நிரந்தரமா என்று குறித்து முடிப்பார்கள். கடித எண்ணுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று வருவதெல்லாம் அதுதான். இதில் நான் மதிக்கும் நுட்பம் ஒன்று உண்டு. கோப்பின் ஆயுளைத் தீர்மானிப்பவர், அந்தக் கோப்பை நடத்தி முடித்து அதன் உள்விவகாரம் தெரிந்தவர். தூய்மை இயக்கத்திலோ, முப்பது வருடம் கழித்து, தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, மாதக் கடைசிக்குள் இலக்கை முடிக்க வேண்டிய ஒருவர் தீர்மானிக்கிறார். சென்னை எழும்பூரில் 1909 முதல் இருக்கும் ஆவணக் காப்பகத்தில், கும்பினி காலத்து எழுத்தர்கள் முகம் சுளித்துக் கட்டிவைத்த கட்டுகளைத்தான் இன்று ஆய்வாளர்கள் வரிசையில் நின்று கேட்டு வாங்குகிறார்கள்.

ஸ்கேன் செய்தால் போதும் என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: ஸ்கேன் செய்ததை மூலத்தோடு யார் ஒப்பிட்டது? பக்கத்தின் பின்புறம் பென்சிலில் சர்வேயர் எழுதிய அளவு வந்திருக்கிறதா? மடிந்த ஓரத்தில் இருந்த உட்பிரிவு வந்திருக்கிறதா? சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒன்றாகிவிட்டால், அடித்த பெயர் எது, அடிக்கோடிட்ட பெயர் எது என்று யார் சொல்வது? ஸ்கேன் நல்ல காரியம், செய்ய வேண்டிய காரியம். மூலத்தின் தேய்மானத்தை அது குறைக்கும், தேடுவதை எளிதாக்கும். மூலத்தின் இடத்தில் உட்காரும் உரிமை மட்டும் அதற்குக் கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டா உள்ளவர்களின் கதை. மலைமேல் போனால் வழக்கு இன்னும் கூர்மையாகிறது. சேலம் மாவட்டத்தில் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? 2008-ஆம் ஆண்டு விதிகளின் 13-ஆம் விதி பட்டியல் தருகிறது: கெசட்டியர்கள், மக்கள்தொகைக் கணக்கு, சர்வே மற்றும் செட்டில்மென்ட் அறிக்கைகள், வரைபடங்கள், வனத்துறையின் வேலைத் திட்டங்கள், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம். பெரியவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பட்டியலில் பெரும்பாலானவை ‘புதியது வந்துவிட்டது’ என்று கழித்துவிடக்கூடிய காகிதங்கள். வேலைத் திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுதப்படும். பழையது அன்றோடு செல்லாது. அந்தச் செல்லாத திட்டத்தில்தான் ‘இவ்விடத்தில் மலைவாழ் மக்கள் சாமை விதைக்கிறார்கள்’ என்ற வகையில் ஒரு வரி ஒளிந்திருக்கக்கூடும். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால ஆணை, உச்ச நீதிமன்றம் 2016-இல் விலக்கும்வரை, உரிமைப் பட்டயம் வழங்குவதற்குக் குறுக்கே நின்றது. எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் ஆதாரத்தைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டியது குடிசைக்காரரா, அலுவலகமா?

சாதிச் சான்றிதழும் இப்படித்தான். மெய்த்தன்மை விசாரணைக்குப் போனால், தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள ஒற்றை வரிக்கு, நேற்று வாங்கிய பத்துச் சான்றிதழ்களைவிட மதிப்பு அதிகம். சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்குக் கூடுதல் நம்பகத்தன்மை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. பழங்குடியினப் பிள்ளையின் கல்லூரி இடம் கரையான் ஏறிய ஒரு நோட்டை நம்பி நிற்கிறது. நாம் அந்த நோட்டின் எடையைப் பார்க்கிறோம்.

பழையதை வைத்துக்கொள்ளாத புதியதால் தன்னையே விளக்க முடியாது. எந்த அரசாணையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஆணை தொடங்குமுன் ‘படிக்கப்பட்டவை’ என்று ஒரு பட்டியல். முந்தைய ஆணைகளின் எண்ணும் தேதியும். ‘மேலே முதலாவதாகப் படிக்கப்பட்ட ஆணையில் உள்ள மூன்றாம் பத்திக்குப் பதிலாக’ என்று புதிய ஆணை ஆரம்பிக்கும். அந்த முதல் ஆணை கைவசம் இல்லாதவனுக்கு இது அரை வாக்கியம்.

எனவே செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வீட்டு ஆவணமானாலும் சங்கத்துப் பதிவேடானாலும் கம்ப்யூட்டர்க் கோப்பானாலும், பழையதன் முகப்பிலேயே ‘நடைமுறையில் இல்லை’ என்று எழுதுங்கள். எந்தத் தேதி முதல் இல்லை, அதன் இடத்தில் வந்தது எது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். புதியதில் பழையதன் எண்ணைக் குறியுங்கள். பழையதை அன்றாடம் கைபடும் இடத்திலிருந்து நகர்த்தி, திருத்த முடியாதபடி பூட்டி, எங்கே வைத்தோம் என்று ஒரு பட்டியலில் ஏற்றுங்கள். பட்டியல் இல்லாத பாதுகாப்பு புதைத்து வைத்ததற்குச் சமம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பதிவுகளைப் பட்டியலிட்டு, அட்டவணையோடு பராமரிக்கச் சொல்வது சும்மா இல்லை.

ஜமாபந்தி வருடா வருடம் நடக்கிறது. கிராமக் கணக்குகளை அடுக்கி வைத்துச் சரிபார்க்கிறார்கள். சர்வேச் சங்கிலியைக்கூட விரித்துப் போட்டு நீளம் பார்க்கிறார்கள். முதியோர் பென்ஷனுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எடுத்துப்போகும் நம் ஆட்கள் அடுத்த முறை இன்னொரு மனுவையும் சேர்த்து எடுத்துப் போகட்டும். யூ.டி.ஆருக்கு முந்தைய எங்கள் ஊர் ‘அ’ பதிவேடு எந்த அறையில், எந்தக் கட்டில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேட்கட்டும். ஸ்கேன் ஆகிவிட்டது என்று பதில் வந்தால், ஸ்கேன் செய்த தாள் இப்போது எங்கே என்று அடுத்த மனு.